கறுப்பு மையில் விமலன்

கிள்ளான் நகரில் பாதித் தமிழ் வீடுகளில் அமுதவள்ளியின் கை உண்டு. சாமி மாடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு முகம் இருக்கும். வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளி புள்ளியாக வைத்து எழுப்பிய முகம். சுற்றிலும் மெல்லிய இரட்டைக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில், உள்ளே வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். படத்தில் இருப்பவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதை அவருக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் இதைத் தொழிலாக நினைத்துத் தொடங்கவில்லை. ஜெஞ்சாரோம் தாண்டி உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பேர் அங்கம்மா. அங்கம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள் முனியம்மா. அந்த முனியம்மாவின் மகள்தான் வள்ளியம்மா. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இரண்டு குடும்பமும் ஒரே லோரியில் சாமான் ஏற்றிக் கிள்ளானுக்கு வந்து, ஒரே தாமான் குடியிருப்பில், ஒரு சந்து இடைவெளியில் குடியேறின. அமுதவள்ளிக்கும் வள்ளியம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்கள் என்று யாரும் இல்லை. ஒருத்திக்கு ஒருத்திதான்.

அமுதவள்ளி கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்து முட்டியைக் கெடுத்துக்கொண்டவள். புருஷன் வீராசாமி துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டினார். ஒரு மழைநாள் காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மூச்சு நின்றுவிட்டது. வீட்டில் அவருக்கென்று நல்ல படம் ஒன்றுகூட இல்லை. லைசென்சில் இருந்த நகத்தளவு படத்தைப் பெரிதாக்கினால் மாவைக் குழைத்து அப்பினது மாதிரி வந்தது. அமுதவள்ளி மகளின் பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்த முகம்தானே. படத்தில் இல்லாத மூக்கைத் தன் நினைவிலிருந்து புள்ளி வைத்துக் கொண்டுவந்தாள். ஊரடங்குக் காலத்தில் மகள் படிப்புக்கென்று வாங்கிய பிரிண்டர் மேசையில் கிடந்தது. அதன் மூடியைத் திறந்து ஸ்கேன் எடுத்து, கறுப்பில் அடித்துச் சட்டம் போட்டாள்.

காரியத்துக்கு வந்த நாத்தனார் அதைப் பார்த்து, என் வீட்டுக்கும் ஒன்று கொடு என்றாள். அப்படியே பரவியது. ஒரு சாவு என்றால் மகன் வீடு, மகள் வீடு, தம்பி வீடு என்று எல்லாருக்கும் படம் வேண்டும். வரைவது ஒன்றுதான், அடிப்பது பல. சட்டம் போடுகிற சீனர், எங்கே வெட்டுவது என்று தெரிய ஓரத்தில் கோடு கேட்டார். அப்படி வந்ததுதான் அந்த இரட்டைக் கோடு.

பிரிண்டரின் நெளிவு சுளிவெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது வள்ளியம்மாவின் மகன் விமலன். பூச்சோங்கில் கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தவன். வாய் ஓயாமல் பேசுகிற பையன்.

"பெரியம்மா, கலர் பக்கம் போவாதீங்க. கறுப்பு மைதான் கெட்டி. காஞ்சிட்டா மேல தண்ணி ஊத்துனாலும் ஓடாது. கலர் மை இருக்கே, அது சும்மா சர்பத்து மாதிரி, சீராப் தண்ணி லா."

"சரிடா, அதுக்கு எங்க தட்டணும்?"

"நீங்க ஒண்ணும் தட்ட வேணாம். அளவு, கோடு, கீழ பேர் போடுற எடம், கறுப்பு மட்டும், எல்லாம் நானே போட்டு வச்சிட்டேன். இதத் தொறங்க, மூஞ்ச உள்ள வைங்க, ஒரு அழுத்து. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அந்த மேசையில் உயிரோடு இருக்கும் ஆளின் முகம் கறுப்பில் வந்ததில்லை. அவளாக வைத்துக்கொண்ட கட்டு அது. பெற்ற மகளே ஆசைப்பட்டுக் கேட்டபோதும் மாட்டேன் என்றுவிட்டாள். ஊரும் அதைத் தெரிந்து வைத்திருந்தது. கல்யாண வீட்டில் அவள் கைப்பேசியைத் தூக்கினால் உறவுக்காரப் பெரியவர் சபாபதி மாமா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள்வார். "ஏ அமுதா, அத அந்தாண்ட திருப்பு. எனக்கு இன்னும் பாயசம் வரல!" என்பார். பந்தியே சிரிக்கும். சிரித்தவர்களும் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பூச்சோங் கடை மூடிப்போன பிறகு விமலன் சும்மா இருக்க முடியாமல் தவித்தான். யாரோ ஒரு ஏஜெண்டு, தாய்லாந்தில் ஓட்டல் வேலை என்றான். ஒரு பையோடு கிளம்பினான். சில நாள் ஊர்ப் படமும் பாட்டுமாக அனுப்பிக்கொண்டிருந்தான். அப்புறம் அதுவும் நின்றது.

வள்ளியம்மா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, அழாம கேளு. நான் ஓட்டல்ல இல்ல. எந்த ஊருன்னே தெரியல. சுத்தி முள்ளுக்கம்பி. போன்ல ஆளுங்கள ஏமாத்துற வேலை. அம்மா, என்னைத் தேடுங்க. தேடுறது வெளிய தெரியணும். இவனுங்க எல்லாத்தையும் போன்ல பாக்குறானுங்க. தேட ஆள் இருந்தா கை வைக்க யோசிக்கிறானுங்க. ஆள் இல்லாதவன வேற எடத்துக்கு வித்துடுறானுங்க. அங்க போனவன் யாரும் திரும்பல. விட்டுடாதீங்கம்மா..."

அதோடு அறுந்தது. மீன்காரர், "ஆன்டி, பையி! பையி ஒழுவுது!" என்று கத்திய பிறகுதான் அவளுக்குச் சுற்றுமுற்றும் தெரிந்தது.

அவளும் புருஷன் சின்னையாவும் போலீசில் போய் ரிப்போர்ட் கொடுத்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார்கள். அதற்குப் பிறகு வள்ளியம்மா நேரே அமுதவள்ளி வீட்டுக்கு வந்தாள். ஊர் முழுக்க ஒட்ட ஒரு படம் வேண்டும். ஆனால் விமலன் எப்போதும் கைப்பேசியைப் பிடித்து மற்றவர்களைப் படம் எடுக்கிறவன். அவனுக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்று. கடை வெளிச்சம் பின்னால் அடித்து, முகம் கலங்கிப் போன படம்.

"இத ஒட்டுனா யாருக்கும் அடையாளம் தெரியாதுடி," என்றாள் அமுதவள்ளி. "நான் வரையறேன். புள்ளி வச்சா மூஞ்சி தெளிவா வரும்."

சைக்கிளிலிருந்து விழுந்து இடது புருவத்தில் பட்ட வெட்டு, கொஞ்சம் முன்தள்ளிய காது, சிரிப்பை அடக்குகிற உதடு. ஒன்றையும் விடவில்லை. அவள் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தபோது மழைதான் நினைவுக்கு வந்தது. கிள்ளானில் மத்தியானம் ஆனால் வானம் ஊற்றுகிறது. தூணிலும் சுவரிலும் ஒட்டப் போகிற தாள். கலரில் அடித்தால் ஒரே மழையில் பையன் முகம் கரைந்து ஓடிவிடும். கறுப்புதான் நிற்கும். கை தன் பழக்கத்துக்கு விமலன் போட்டு வைத்ததைத் திறந்தது. முகத்தை உள்ளே வைத்தாள். கீழே பேர் போடுகிற சின்ன இடத்தில் 'காணவில்லை' என்றும், பேரும், நம்பரும் நெருக்கி அடித்தாள்.

தாள் மெல்ல வந்தது. முதலில் மேல்கோடு. அப்புறம் முடி, நெற்றி, புருவ வெட்டு. கண் வந்த இடத்தில் பிரிண்டர் இழுத்து ஒரு நொடி நின்றது. பிறகு மூக்கு, உதடு, கழுத்து. கடைசியாகக் கீழ்க்கோடு வந்து மூடியது.

வள்ளியம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் விரல் ஓரத்துக் கோட்டைத் தடவி நின்றது.

"அக்கா..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. மூக்கு அப்படியே அவன் மூக்கு."

அமுதவள்ளியின் கண்ணும் அந்த இரட்டைக் கோட்டில் போய் நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், வள்ளியம்மாவுக்கும் தெரியும். ஆனால் நம் சனத்தில் கெட்டதை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அது காது கொடுத்துக் கேட்டுவிடும், வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்று ஒரு பயம். ஒருத்தி சொல்வாள் என்று ஒருத்தி பார்த்திருக்க, இரண்டு பேரும் விழுங்கிக்கொண்டார்கள். பிரிண்டர் அடுத்த தாளை இழுத்தது.

தெங்கு கிளானா சாலைக் கடைத் தூண்களில், ரயில் நிலையத்துச் சுவரில், கோயில் பக்கத்து மின்கம்பத்தில் எல்லாம் ஒட்டினார்கள். தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போய் ஒட்டிவிட்டு வந்தார் சின்னையா. பசையை நன்றாக அப்பினார், யாரும் கிழிக்கக்கூடாது என்று.

முதலில் வந்தவள் பூக்கடைப் புஷ்பவல்லி. விமலன் மீது அவளுக்கு ஒட்டுதல் உண்டு. கேட்டைத் திறக்கும்போதே அழுதுகொண்டு வந்தாள். கையில் வாழை இலையில் சுற்றிய சம்பங்கி மாலை.

"வள்ளி, எப்படிடி போனான்? உடம்பக் கொண்டாந்துட்டாங்களா?"

"யார் உடம்ப?" என்றாள் வள்ளியம்மா.

"அடியே... தூண்ல அமுதாக்கா படம் ஒட்டியிருக்கே. நான் பூ கட்டிக்கிட்டே பாத்தேன். கைகால் ஓடல எனக்கு."

"கீழ எழுதியிருக்கே, படிக்கலையா நீ?"

"என்னத்தப் படிக்கிறது? அந்தப் படத்தப் பாத்தாத் தெரியாதா?"

வள்ளியம்மா அந்த மாலையை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அது இலையோடு தரையில் விழுந்து கிடந்தது.

அதற்குள் யாரோ தூணிலிருந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து, கீழே இருந்த எழுத்தை வெட்டிவிட்டு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். கெடுதல் நினைத்துச் செய்தவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடச் சிநேகிதர் குழு, கோயில் குழு, தாமான் குழு என்று அது தாவியது. கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக விழுந்தன. வள்ளியம்மா ஒவ்வொருவருக்கும் 'இல்லை, இருக்கிறான்' என்று அடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருவருக்கு அடிப்பதற்குள் படம் பத்துப் பேரிடம் போயிருந்தது. பாவம், பெத்தவளுக்கு மனசு தாங்கலை என்று அதற்கும் அழுதார்கள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. புது நம்பர். பேசிப் பதிந்து அனுப்பியது. அமுதவள்ளியும் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, ஒருத்தன் போன்ல என் படத்தக் காட்டுறான். பெரியம்மா கைதானே அது? நான் போட்ட கோடுதானே அது? எனக்குக் காரியம் பண்ணிட்டீங்களாம்மா? இவனுங்க சிரிக்கிறானுங்க. உன் கணக்க ஊர்லயே முடிச்சிட்டாங்கடாங்கிறானுங்க. நாளைக்கு என்னை வேற..."

பின்னால் யாரோ கத்தினார்கள், கதவு இடித்தது, அவ்வளவுதான். திருப்பி அழைத்தால் அந்த நம்பர் இல்லை என்றது.

வள்ளியம்மா அமுதவள்ளியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கலர்ல போடுக்கா," என்றாள். "சீக்கிரம் போடு."

அமுதவள்ளி கலங்கிய படத்தையே கலரில் வைத்து அழுத்தினாள். வந்த முகம் பச்சையாக இருந்தது, தண்ணீரில் கிடந்த முகம் மாதிரி. பல மாதம் கறுப்பு மட்டுமே அடித்ததில் கலர் மை வரும் துளைகள் காய்ந்து அடைத்துக் கிடந்தன. சுத்தம் செய்யச் சொல்லி அழுத்தினாள், திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிரிண்டர் உள்ளுக்குள் முனகியது. சிவப்பு வந்தபோது மஞ்சள் வரவில்லை, மஞ்சள் வந்தபோது முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. கடையில் கொடுத்துப் பெரிதாக அடித்துப் பார்த்தார்கள். கலர் நன்றாக இருந்தது, முகம்தான் யாருடையது என்று தெரியவில்லை. கடைசியில் வீட்டுப் பிரிண்டரில் ஓரளவு தேறி வந்ததை எடுத்துக்கொண்டு போய், பழைய படங்களுக்கு மேலேயே ஒட்டினார்கள்.

அன்று மத்தியானமே மழை. ரயில் நிலையத்துச் சுவரோரம் ஒதுங்கி நின்ற அமுதவள்ளி, கலர் முகம் நெற்றியிலிருந்து வழிந்து இறங்குவதைப் பார்த்தாள். சிவப்பும் நீலமும் சுவரில் ஓடிச் சாக்கடையில் கலந்தன. தாள் ஊறிச் சரிந்து விழுந்தது. அடியில் இருந்த கறுப்பு விமலன் துளியும் கலையாமல், பளிச்சென்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுரண்டி எடுத்தார்கள். எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். கைப்பேசிக்குள் போனதை எதைக் கொண்டு சுரண்டுவது?

அதற்குப் பின் ஒரு சத்தமும் இல்லை. தைப்பூசம் வந்து போனது. தீபாவளி வந்து போனது. போலீசிலிருந்து பதில் இல்லை. வள்ளியம்மா கைப்பேசியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு, தண்ணீரை அடிக்கடி நிறுத்திக் காது கொடுப்பாள்.

ஒருநாள் சின்னையா தனியாக வந்தார். உட்காரவில்லை.

"வர்ற அமாவாசைக்குக் காரியத்த முடிச்சிடலாம்னு இருக்கேன்க்கா. அய்யர்கிட்டப் பேசிட்டேன்."

"யாருக்குக் காரியம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நடுவுல நிக்கிற உசுரு. பசியோட நிக்கும். நானும் பெத்தவன்தான்."

"தம்பி, அவன் குரல நம்ம காதாலக் கேட்டோம். செத்ததுக்கு என்ன அத்தாட்சி?"

சின்னையா சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். சுரண்டியதில் ஓரம் கிழிந்த படம். எழுத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார். இரட்டைக் கோடு மட்டும் முழுசாக இருந்தது.

"இதத்தான் சட்டம் போடப் போறேன். படம் போட்டது நீங்க. நான் மாலை மட்டும்தான் போடுறேன்."

அவர் போய்விட்டார். வள்ளியம்மா சந்து வழியாக ஓடி வந்தாள். அவளுக்கும் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, அப்பனே காரியம் பண்ணிட்டா அதையும் யாராச்சும் படம் எடுத்துப் போடுவாங்க. அவனுங்க அதையும் பாப்பானுங்க. அவன் எங்க இருந்தாலும் அதோட முடிஞ்சிரும்க்கா. ஊரே செத்துட்டான்னு சொல்றப்ப, நான் ஒருத்தி இருக்கான்னு சொன்னா யாருக்குக் கேக்கும்?"

அமுதவள்ளி எழுந்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் சாய்த்து வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

"என்னக்கா பண்ணுற?"

"நீ போயி அரிசிய வை. நாளைக்கு நெறையப் பேர் வருவாங்க."

தன் முகத்தைத் தானே புள்ளி வைப்பது வேறு மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, ஒரு பக்கம் இறங்கிய உதடு. அவளே பார்க்காமல் விட்டிருந்த கிழவி ஒருத்தி தாளில் எழுந்து வந்தாள். ஸ்கேன் எடுத்து, விமலன் போட்டு வைத்ததைத் திறந்து, உள்ளே வைத்தாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அழுத்தினாள். மேல்கோடு வந்தது. அடுத்துத் தன் நெற்றி. கண் வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வள்ளியம்மாதான் அலறினாள். "அக்கா, வேணாம்க்கா! நிறுத்துக்கா! உனக்கு வந்துரும்க்கா!"

"வந்தா வரட்டும்டி," என்றாள் அமுதவள்ளி. கீழ்க்கோடு வந்து மூடும் வரை பிரிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காய்ந்த பிறகு, புஷ்பவல்லியின் பூக்கடைக்கு எதிர்த்தூணில் அவளே கொண்டுபோய் ஒட்டினாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனதால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ஜொகூரிலிருந்து மகள் அழைத்தாள். அம்மாவின் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் வெறும் மூச்சுதான் வந்தது, பிறகு கெட்ட வார்த்தையில் ஒரு திட்டு. கொஞ்ச நேரத்தில் சபாபதி மாமா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கலங்கிய கண். கேட்டில் பந்தல் இல்லையே என்று பார்த்துக்கொண்டே வந்தவர், "எப்ப எடுக்கிறாங்க?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அமுதவள்ளி கதவைத் திறந்தாள்.

மாமாவின் கை நிலைப்படியைத் தேடியது. அவள் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தித் தண்ணீர் கொடுத்தாள்.

"ஏன்டி, வெளயாடுற வெளயாட்டா இது? வயசுக்குத் தகுந்த காரியமா பண்ணியிருக்க? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"மாமா, படத்தப் பாத்துதானே நான் செத்துட்டேன்னு வந்தீங்க?"

"பின்ன? ஊரே சொல்லுது!"

"விமலனையும் அந்தப் படத்தப் பாத்துதானே முடிச்சீங்க? யாராச்சும் அவன் உடம்பப் பாத்தீங்களா?"

மாமா தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். தொட்டுப் பார்க்கலாமா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. சமையலறை வாசலில் வள்ளியம்மா இடுப்புக் கைப்பேசியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். சந்துப் பக்கத்து ஜன்னலில் சின்னையாவின் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

"போனை எடுங்க மாமா. என் படத்த எங்கெங்க அனுப்புனீங்களோ அங்கெல்லாம் உங்க வாயாலயே பேசி அனுப்புங்க. அமுதா இருக்கா. விமலனும் இருக்கான். தேடிக்கிட்டிருக்கோம். அவனுங்க காதுல விழுற மாதிரிப் பேசுங்க."

"அவன் இருக்கான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமாடி?"

அமுதவள்ளி ஜன்னலைப் பார்த்தாள். சின்னையாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது மாமா," என்றாள். "பேசுங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கைப்பேசியை வாயருகே கொண்டுபோனார். பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவர் பேசி முடிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள். அமுதவள்ளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவருகே போய் நின்றாள்.